7,000 மணி நேரம் என்ற கணக்கு: வயதான பயிற்சி விமானங்கள் எப்படி இன்னும் பறக்கின்றன?

ஒரு எண்ணில் ஆரம்பிக்கிறேன்: 7,000.

அமெரிக்க விமானப்படையின் டி-38 டேலன் பயிற்சி ஜெட்டை நார்த்ராப் நிறுவனம் வடிவமைத்தபோது, அதன் உடற்கட்டுக்குக் குறித்த ஆயுள் 7,000 பறப்பு மணி. முதல் விமானம் 1959-ல் பறந்தது. 1961-ல் படையில் சேர்ந்தது. 1972-ல் உற்பத்தி நின்றுவிட்டது. அதாவது கடைசியாகச் செய்த டி-38-க்குக்கூட இன்று ஐம்பது வயதுக்கு மேல். அதில் ஏறுகிற மாணவருக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று இருக்கும். பல சமயம் அவருடைய அப்பாவைவிட விமானத்துக்கு வயசு அதிகம். இவற்றில் நிறைய விமானங்கள் 15,000 மணியை எப்போதோ தாண்டிவிட்டன.

அப்போ அந்த 7,000 என்ன ஆச்சு? மாத்திரை அட்டையில் போட்டிருக்கிற தேதி மாதிரி, அதைத் தாண்டினால் ஆபத்து இல்லையா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது பிடிபட்டது. அதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதி வைக்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

உலோகம் எப்படிக் களைத்துப்போகிறது

வீடு கட்டுகிற இடத்தில் கட்டுக்கம்பியைப் பார்த்திருப்பீர்கள். கையால் இழுத்தால் அறாது. ஆனா ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் பத்துப் பதினைந்து தடவை மடக்கினால் 'டக்'கென்று வந்துவிடும். ஒரு தடவை தாங்குகிற பாரம் வேறு, பலமுறை தாங்குகிற பாரம் வேறு. இதுதான் உலோகச் சோர்வு.

விமான இறக்கையில் நடப்பது இதன் மிக மென்மையான வடிவம். கம்பி மாதிரி கண்ணுக்குத் தெரிய மடங்காது. தரையில் நிற்கும்போது இறக்கை தன் எடையால் லேசாகக் கீழே தொங்கும். மேலே ஏறியதும் காற்று அதை மேல்நோக்கி வளைக்கும். அப்போது இறக்கையின் அடிப்பக்கத் தகடும், உள்ளே உத்தரம் மாதிரி நீளவாக்கில் ஓடுகிற ஸ்பாரின் அடிப்பகுதியும் இழுபடும். இறங்கியதும் இழுப்பு போய்விடும். இது ஒரு சுற்று. நடுவில் விமானி திருப்பும்போதும் குட்டிக்கரணம் அடிக்கும்போதும் இன்னும் பல சுற்றுகள்.

ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயோ ஒரு நுண்ணிய கீறல் மயிரிழையில் ஒரு பங்கு முன்னேறும். எங்கே என்றால், பெரும்பாலும் துளை இருக்கிற இடத்தில். இழுபடுகிற தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால், அந்தத் துளையின் ஓரத்தில் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்குகிற இழுப்பு, கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். ஒரு இறக்கையில் ரிவெட்டுக்கும் போல்ட்டுக்கும் என்று ஆயிரக்கணக்கில் துளைகள். ஆக, விமானத்தின் ஆயுள் என்று நாம் பேசுவது உண்மையில் இந்தத் துளைகளின் ஓரங்களைப் பற்றித்தான்.

மணி நேரம் என்பது ஒரே அளவுகோல் இல்லை

ஒரு பயணிகள் விமானம் ஏழு மணி நேரம் பறந்தால் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கும். நடுவில் பெரிய ஆட்டம் கிடையாது. பயிற்சி விமானத்தின் ஒரு மணி நேரம் அப்படி இல்லை. புது மாணவர் ஓடுபாதையைத் தொட்டுத் தொட்டு மேலே எழும்பிப் பழகுவார். ஒரே பறப்பில் நாலைந்து தடவை இறங்கி ஏறுவது சாதாரணம். அவர் இறக்குவது எப்போதும் பூப்போல இருக்காது. அப்புறம் குட்டிக்கரணம், அணிவகுப்பு, செங்குத்துத் திருப்பம். ஒரு மணி நேரத்துக்குள் இறக்கை பல தடவை தன் வழக்கமான பாரத்தைப்போல நாலைந்து மடங்கைச் சுமந்துவிடும். இதை 4 ஜி, 5 ஜி என்று சொல்வார்கள்.

பயிற்சிக்குள்ளேயும் வித்தியாசம் உண்டு. 1970-களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோவின் ஹாலோமன் தளத்தில், போர் விமானத்துக்குப் போகப்போகிறவர்களுக்கு வான்சண்டையின் அடிப்படைகளைச் சொல்லித்தர டி-38-ஐப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். விமானம் அதேதான். வேலை மட்டும் வேறு. ஒருவரை ஒருவர் துரத்தித் திருப்புகிற இந்த வேலையில், சாதாரணப் பயிற்சித் தளத்தில் எப்போதாவது வருகிற பெரிய ஜி இங்கே மணிக்குப் பல தடவை வந்தது. இறக்கையின் ஆயுள் வேகமாகக் கரைந்தது.

எவ்வளவு வேகமாக? 1960-களில் பால் பாரிஸ் என்ற பொறியியலாளர் தந்த ஒரு விதி இருக்கிறது. விரிசல் வளர்கிற வேகம் தகைவோடு நேர்க்கணக்கில் கூடாது, அடுக்குக் கணக்கில் கூடும். அலுமினியத்துக்கு அந்த அடுக்கு சுமாராக 3-லிருந்து 4. நடுவில் 3.5 என்று வைத்துக்கொள்வோம். தகைவு 10 சதவீதம் கூடினால் விரிசல் வேகம் சுமார் 40 சதவீதம் கூடும். 20 சதவீதம் கூடினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதை ஒரு நிமிஷம் நின்று யோசித்துப் பாருங்கள். இரண்டு விமானங்கள், இரண்டுக்கும் பதிவேட்டில் 5,000 மணி. ஒன்று கொஞ்சம் இதமாகப் பறந்தது, இன்னொன்று கொஞ்சம் முரட்டுத்தனமாக. இரண்டாவது விமானத்தின் இறக்கை உண்மையில் 10,000 மணி பறந்த இறக்கை. பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது.

அதனால்தான் ஆயுளை நீட்டும் வேலையின் முதல் படி, ஒவ்வொரு விமானமும் என்ன பாடுபட்டது என்று தனித்தனியாகக் கணக்கு வைப்பது. பிரிட்டனில் 1950-களிலேயே ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார்கள். எத்தனை தடவை 2 ஜி தாண்டியது, எத்தனை தடவை 3 ஜி தாண்டியது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். இப்போது உலோகத்தின் மேலேயே ஒட்டுகிற உணரிகளும் பதிவுப்பெட்டிகளும் அந்த வேலையைச் செய்கின்றன. 7,000 என்ற எண், வடிவமைத்தவர்கள் 'இப்படித்தான் பறப்பார்கள்' என்று செய்த ஊகத்தின் மேல் நிற்கிற எண். ஊகத்தின் இடத்தில் பதிவை வைத்தால், சில விமானங்களுக்கு 7,000-க்குப் பிறகும் நிறைய மிச்சம் இருக்கும். சிலதுக்கு 7,000-க்கு முன்பே தீர்ந்திருக்கும். இரண்டுமே சேதிதான்.

'விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்'

பழைய முறையை பாதுகாப்பு ஆயுள் முறை என்று சொல்லலாம். ஒரு முழு விமானத்தை ஆய்வுக்கூடத்தில் கட்டி வைத்து, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் இறக்கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அது எத்தனை மணிக்குச் சமமான ஆட்டத்தில் உடைகிறதோ, அதை ஒரு பாதுகாப்பு எண்ணால் வகுத்து, 'இதுவரைக்கும் பறக்கலாம், அப்புறம் கழற்றிப் போடு' என்று அறிவிப்பார்கள். இந்தக் கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: எல்லா விமானமும் ஆய்வுக்கூட விமானம் மாதிரியே குறையில்லாமல் செய்யப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கை.

1958-ல் பி-47 குண்டுவீச்சு விமானங்கள் அடுத்தடுத்து வானத்தில் உடைந்தன. மார்ச் 13 அன்று ஒரே நாளில் இரண்டு. அந்த வருஷமே அமெரிக்க விமானப்படை கட்டமைப்பு உறுதிக்கு என்று தனியாக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் அடிப்படை இந்தப் பாதுகாப்பு ஆயுள்தான். சோதித்துப்பார், வகுத்துக்கொள், நிறுத்து.

1969 டிசம்பர் 22 அன்று அந்த நம்பிக்கை உடைந்தது. ஒரு எஃப்-111 போர் விமானத்தின் இறக்கை பறக்கும்போதே கழன்று விழுந்தது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அந்த விமானம் பறந்திருந்தது வெறும் நூறு மணி நேரச் சொச்சம். குறித்த ஆயுளோ 4,000 மணி. ஆராய்ந்து பார்த்தபோது, இறக்கை சுழல்கிற கீல் பகுதியின் எஃகில், அதை அடித்து உருவாக்கும்போதே ஒரு கீறல் விழுந்திருந்தது தெரிந்தது. அத்தனை சோதனைகளையும் தாண்டி அது வெளியே வந்துவிட்டது. சோதனை விமானத்தில் அந்தக் கீறல் இல்லை, இந்த விமானத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு சிந்தனையே தலைகீழானது. 1974-ல் வந்த புது விதிமுறை கிட்டத்தட்ட இப்படிச் சொன்னது: ஒவ்வொரு முக்கியமான துளையிலும் முதல் நாளிலேயே விரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொள். அளவு 1.27 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு. அது வளர்ந்து ஆபத்தான அளவை எட்ட எத்தனை மணி ஆகும் என்று கணக்குப் போடு. அந்த நேரத்தில் பாதி முடிவதற்குள் போய்ப் பார். இதுதான் சேதம் தாங்கும் முறை. டி-38 வடிவமைக்கப்பட்டது பழைய முறையில். ஆனால் அது இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பது இந்தப் புது முறையால்.

ஒரு சின்னக் கணக்கு

புரிவதற்காக நானே எண்களைப் போட்டுக்கொள்கிறேன், இவை எந்த விமானத்தின் உண்மையான எண்களும் இல்லை.

ஒரு போல்ட் துளை. 1.27 மில்லிமீட்டர் விரிசலில் ஆரம்பித்து, இறக்கை தாங்காமல் போகிற அளவை எட்ட 4,000 மணி ஆகும் என்று கணக்கு சொல்கிறது. முதல் சோதனை 2,000 மணியில். நம் கருவி 2.5 மில்லிமீட்டர் விரிசலைத் தவறவிடாமல் பிடிக்கும் என்று வைப்போம். அங்கிருந்து ஆபத்தான அளவுக்கு 1,800 மணி. அப்படியானால் முதல் சோதனைக்குப் பிறகு ஒவ்வொரு 900 மணிக்கும் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரு தடவை கை தவறினாலும் இன்னொரு தடவை பார்க்க வாய்ப்பு இருக்கும், அதற்குத்தான் பாதி.

இப்போது அதே விமானத்தை வான்சண்டைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். தகைவு 20 சதவீதம் கூடுகிறது. 4,000 என்பது சுமார் 2,100 ஆகிவிடும். முதல் சோதனை 1,050-ல். அதற்குப் பிறகு 900 அல்ல, சுமார் 470 மணிக்கு ஒரு தடவை.

கவனித்தீர்களா, இந்தக் கணக்கில் 'இத்தோடு முடிந்தது' என்ற எண் எங்கேயும் இல்லை. 'அடுத்து எப்போது பார்க்கணும்' என்ற எண்தான் இருக்கிறது. 7,000 காணாமல் போனது இங்கேதான். விரிசல் இல்லை என்றால் அடுத்த தவணை வரை பறக்கலாம். இருந்தால் சரிசெய், அல்லது அந்தப் பாகத்தை மாற்று. டாக்டர் சர்க்கரை நோயாளியிடம் 'மூணு மாசம் கழிச்சு வாங்க' என்று சொல்கிற மாதிரி. அதற்கு நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, கண்காணிப்பில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பட்டறையில் என்ன நடக்கிறது

கணக்கு காகிதத்தில் இருக்கட்டும். கையில் என்ன செய்கிறார்கள்?

முதலில் தேடுவது. போல்ட்டைக் கழற்றிவிட்டு, பென்சில் மாதிரியான ஒரு முனையைத் துளைக்குள் விட்டுச் சுழற்றுவார்கள். அதன் நுனியில் ஒரு சின்னக் கம்பிச்சுருள், மாறுமின்னோட்டம் பாயும். அது பக்கத்து உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். விரிசல் இருந்தால் அந்தச் சுழலின் ஓட்டம் தடைபட்டு, திரையில் கோடு துள்ளும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட இப்படி மாட்டும். ஆனா ஒவ்வொரு துளைக்கும் போல்ட்டைக் கழற்ற வேண்டும், கழற்றும்போது துளையின் சுவரில் கோடு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேடப்போன இடத்தில் புதுசாக ஒரு கீறலைப் போட்டுவிட்டு வந்தால் என்ன பிரயோஜனம்?

அடுத்தது, துளையையே பலப்படுத்துவது. சின்ன விரிசல் இருந்தால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி அதைச் சீவி எடுத்துவிட்டு, பெரிய போல்ட் போடலாம். இதைவிட அழகான வேலை ஒன்று உண்டு. துளைக்குள் மெல்லிய உறை ஒன்றை வைத்து, துளையைவிடக் கொஞ்சம் பருமனான ஒரு கூம்புக் கம்பியை அதன் வழியாக இழுத்து எடுப்பார்கள். துளை சில சதவீதம் விரியும். விரிந்த ஓரத்து உலோகம் நிரந்தரமாக நீண்டுவிடும், சுற்றியுள்ள உலோகமோ பழைய நிலைக்குத் திரும்பப் பார்த்து ஓரத்தை உள்நோக்கி நெருக்கும். அந்த நெருக்கம் அங்கேயே தங்கிவிடும். இனி இறக்கை இழுபடும்போது, அந்த இழுப்பு முதலில் இந்த நெருக்கத்தை வென்றாக வேண்டும். விரிசலின் வாயை யாரோ விரலால் அழுத்திப் பிடித்திருப்பதுபோல. இதனால் துளையின் சோர்வு ஆயுள் மூன்று மடங்கும் அதற்கு மேலும் கூடும். ஒரு கிராம் எடைகூட ஏறாது.

மூன்றாவது, மாற்றுவது. டி-38-க்கு இறக்கைகளையே புதிதாகச் செய்து மாட்டியிருக்கிறார்கள். 1980-களில் ஆரம்பித்த 'பேசர் கிளாசிக்' என்ற புதுப்பிப்பு வேலை, பிறகு மூன்றாவது சுற்றுவரை வந்தது. டெக்சாஸில் சான் அன்டோனியோ பக்கத்திலுள்ள ராண்டால்ஃப் தளத்தில் நடந்த அந்த மூன்றாம் சுற்றில், விமானத்தைக் கிட்டத்தட்ட எலும்புக்கூடு தெரியப் பிரித்து, உடலின் நீளவாக்கு விட்டங்கள், குறுக்குச் சட்டங்கள், தளத்தகடுகள் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். நம் ஊரில் பழைய ஓட்டு வீட்டைச் சுவரை நிறுத்திவைத்து, உத்தரத்தையும் கைமரத்தையும் மாற்றுவார்களே, அந்த மாதிரி. எந்தெந்த இடத்தில் விரிசல் வரும், எவ்வளவு வேகத்தில் வளரும் என்ற பகுப்பாய்வைப் பல பத்தாண்டுகளாகச் செய்து வருவதும் அதே ஊரில் இருக்கிற சவுத்வெஸ்ட் ஆராய்ச்சி நிறுவனம். ஒரு விமானத்தின் ஆயுள் அதைச் செய்த தொழிற்சாலையிலிருந்து அதைக் கவனிக்கிறவர்களின் கைக்கு இடம் மாறிவிட்டது என்று சொல்லலாம்.

பறக்காமலும் வயதாகும்

சோர்வு, பறந்தால்தான் வரும். துரு அப்படி இல்லை. கொட்டகையில் சும்மா நிற்கிற விமானத்துக்கும் வரும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று ஒரு எண்ணம் நமக்கு, பாத்திரத்தைப் பார்த்து வந்தது. விமானத்தில் போடுவது சுத்த அலுமினியம் இல்லை. துத்தநாகம், மெக்னீசியம், தாமிரம் கலந்த வலுவான கலவை. அந்தக் காலத்து விமானங்களில் பரவலாக இருந்தது 7075 என்ற கலவையின் டி6 பதம். வலு அபாரம். ஆனால் இழுப்பும் ஈரமும் சேர்ந்தால், சுற்றுகள் எதுவும் இல்லாமலேயே உள்ளுக்குள் பிளக்கிற குணம் அதற்கு உண்டு. பிறகு வந்த டி73 பதம் வலுவில் பத்துப் பதினைந்து சதவீதம் குறைவு, ஆனால் இந்தப் பிளவு அநேகமாக வராது. அதே கலவைதான், சூடாக்கிப் பதப்படுத்துகிற விதம் மட்டும் வேறு.

அதனால் பழைய பாகத்தை மாற்றும்போது அச்சு அசலாக அதேபோலச் செய்யாமல் வேறு பதத்தில் செய்வது வழக்கம். 1960-ல் தெரியாதது இன்று தெரியும். துருவைப் பொறுத்தவரை மணிக்கணக்கு உதவாது. நாள்காட்டியும் தளத்தின் வானிலையும்தான் பேசும்.

கணக்கு தவறுகிற இடங்கள்

இதுவரை படித்தால், எல்லாம் கைக்குள் இருக்கிறது என்ற நிம்மதி வரலாம். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைக்கணும்.

பீச்கிராஃப்ட் டி-34 மென்டர், 1950-களில் அமெரிக்கப் படைகளின் ஆரம்பப் பயிற்சி விமானம். படையிலிருந்து வெளியே வந்த பிறகு, அவற்றில் சில பணம் கட்டி வருகிற பொதுமக்களுக்கு வான்சண்டை அனுபவம் தரும் தொழிலில் இறங்கின. 1999 ஏப்ரலில் ஜார்ஜியாவில் ஒன்றின் இறக்கை சோர்வால் முறிந்தது. இருவர் இறந்தனர். விமானப் போக்குவரத்து ஆணையம் ஸ்பாரைச் சோதிக்கச் சொல்லி 2001-ல் உத்தரவு போட்டது. 2003 நவம்பரில் டெக்சாஸில் இன்னொன்றின் இறக்கை முறிந்தது. 2004 டிசம்பரில் அதே பகுதியில் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் முறிந்த இடம் வேறு.

இதில் இரண்டு பாடம். ஒன்று, மென்டர் கெட்ட விமானம் இல்லை. புது மாணவருக்காகச் செய்த இறக்கையை தினமும் வான்சண்டைக்கு அனுப்பினார்கள், ஹாலோமன் கதையேதான். இரண்டு, விபத்து நடந்த இடத்தை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது போதாது. ஒரு இடத்தைக் காவல் காத்தால், அடுத்துப் பலவீனமான இடம் முன்னுக்கு வரும்.

ஆஸ்திரேலியாவில் 1990 நவம்பரில் ஒரு மாக்கி எம்பி-326 பயிற்சி ஜெட் பறக்கும்போதே இறக்கையை இழந்தது. ஸ்பாரின் அடிப்பகுதியில் சோர்வு விரிசல். அதற்குப் பிறகு அவர்கள் இறக்கைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, துளை துளையாகப் பார்த்தார்கள். இந்தப் பிரித்துப்பார்க்கும் வேலை உயிரில்லாத உடலை அறுத்துப் பார்ப்பதற்குச் சமம். அந்த இறக்கை மறுபடி பறக்காது. ஆனால் பறந்துகொண்டிருக்கிற மற்ற இறக்கைகளைப் பற்றி அதைவிட நம்பகமாகச் சொல்ல வேறு வழி இல்லை. வயதான விமானங்களைக் காப்பாற்ற விரும்புகிற படை, அவற்றில் ஒன்றிரண்டை இப்படிப் பலி கொடுக்கத் தயாராக இருக்கணும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சுவர் இருக்கிறது. நான் மேலே போட்ட கணக்கு, ஒரு துளையில் ஒரு விரிசல் என்று எண்ணிப் போட்டது. வயது ஏற ஏற, பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் எல்லாம் சின்னச்சின்ன விரிசல்கள் ஒரே சமயத்தில் வரும். தனித்தனியாக எதுவும் ஆபத்தில்லை, இரண்டு சேர்ந்தால் ஒரே நொடியில் ஜிப் மாதிரி கிழியும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737-ன் கூரை பிய்த்துக்கொண்டு போனது இப்படித்தான். அது 89,000-க்கும் மேற்பட்ட தடவை ஏறி இறங்கிய விமானம். இந்த நிலை வந்துவிட்டால் 'அடுத்து எப்போது பார்க்கணும்' என்ற கேள்விக்குப் பொருள் இல்லை. அந்தப் பாகத்தின் கதை முடிந்தது. மாற்று, அல்லது நிறுத்து. ஆயுள் நீட்டிப்பு என்பது முடிவே இல்லாத சலுகை கிடையாது.

ஏன் புதுசு வாங்கவில்லை?

வாங்கத்தான் செய்தார்கள். 2018 செப்டம்பரில் 351 புதுப் பயிற்சி விமானங்களுக்கு போயிங்குடன் ஒப்பந்தம் ஆனது, டி-7ஏ ரெட் ஹாக். 2024-ல் பயிற்சிக்குத் தயாராகும் என்று முதலில் சொன்னார்கள், பிறகு 2027 என்று தள்ளிப்போனது. இடைவெளியை அடைக்க டி-38-ஐ விட்டால் வேறு ஆள் இல்லை.

நமக்கும் இது தெரிந்த கதைதான். எச்ஏஎல் செய்த கிரண் பயிற்சி ஜெட் முதலில் பறந்தது 1964 செப்டம்பர் 4. தாம்பரத்தில் பயிற்றுநர்களை உருவாக்குகிற பள்ளி இருப்பதால், அந்தப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு அதன் சத்தம் நன்றாகப் பழகிப்போனது. அதன் இடத்துக்கு வரவேண்டிய எச்ஜேடி-36, 2003-ல் முதன்முதலாகப் பறந்தது. வேகம் குறைந்து சுழன்று விழுகிற நிலையைச் சோதிக்கும்போது சிக்கல்கள் வந்தன. வருஷங்கள் ஓடின. கிரண்தான் பறந்துகொண்டிருந்தது.

புது விமானத் திட்டம் தாமதமானால், செய்தியில் பேசப்படுவது கோடிகளும் தேதிகளும். அந்தத் தாமதத்தை யாரோ ஒருவர் பழைய விமானத்தின் போல்ட் துளைக்குள் முனையை விட்டுச் சுழற்றிக்கொண்டு, திரையைப் பார்த்துக்கொண்டு, ஈடுகட்டுகிறார் என்பது செய்தியில் வராது. தாமதம் ஒரு வருஷம் என்றால் அவருடைய சோதனைப் பட்டியல் ஒரு வருஷம் நீளும், ஒவ்வொரு சோதனைக்கும் இடையே உள்ள இடைவெளி சுருங்கும், அந்த நேரமெல்லாம் விமானம் கொட்டகையில் நிற்கும், மாணவர் தரையில் காத்திருப்பார்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 7,000 என்ன ஆச்சு? அது தவறான எண் இல்லை. விமானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத காலத்தில் போட்ட நியாயமான எல்லை. அதைத் தாண்டிப் பறக்கலாமா என்பதற்கு 'இறக்கை வலுவாக இருக்கிறதா' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'இந்த இறக்கையின் எந்தத் துளையில் என்ன இருக்கிறது என்று நமக்கு எவ்வளவு தெரியும்?' என்று கேட்கணும். தெரிந்த அளவுக்கு ஆயுள் நீளும். தெரியாத இடத்தில், விமானம் புதுசாக இருந்தாலும், நூறு மணியிலேயே முடிந்துவிடும். எஃப்-111 காட்டியது அதைத்தான்.

பழைய விமானத்தில் ஏறுகிற அந்த இருபத்திமூன்று வயது மாணவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவர் ஒருவர் தவணை தவறாமல் பார்த்திருக்கிறாரா என்பதுதான் அவருக்கு முக்கியம்.

துளையை விரித்துப் பலப்படுத்துகிற முறையைப் பற்றி இங்கே ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டேன். அதில் கணக்கு நிறைய இருக்கிறது. அடுத்த குறிப்பில் அதை மட்டும் தனியாக எடுத்து எழுதுகிறேன்.